நூறு கோடியில் ஒன்பது பங்கு

(அறிவியல் ஆர்வலர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிணற்று நீரில் ஆர்சனிக், மீனில் பாதரசம், ஆற்று வண்டலில் குரோமியம் என்று அவ்வப்போது செய்தி படிக்கிறோம். செய்தியோடு ஓர் எண்ணும் வரும். அதைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள், சிலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அந்த எண் எப்படிக் கிடைத்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இன்று நான் பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றி. அதற்குத் துணையாக ஓர் அளவீட்டு முறையை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வு. கல்லையோ மண்ணையோ மீனையோ அணு உலைக்குள் வைத்து, அதிலுள்ள தனிமங்களைக் கதிரியக்கம் கொள்ளச் செய்து, வெளிவரும் கதிர்களை எண்ணி அளவு சொல்லும் முறை.

முதலில் அளவு எவ்வளவு சிறியது என்று பார்த்துவிடுவோம். பத்து டன் அரிசி ஏற்றிய லாரிகள் நூறு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறு லாரி அரிசியிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் வேறொரு பொருள் கலந்திருந்தால், அது நூறு கோடியில் ஒரு பங்கு. ஆய்வகத்தில் இதைப் பிபிபி என்போம். இந்தச் சொற்பொழிவின் தலைப்பிலுள்ள ஒன்பது பங்கு, அந்த நூறு லாரியில் ஒன்பது கிராம். அந்த ஒன்பது கிராம்தான் டைனோசர்கள் மறைந்த கதையை மாற்றி எழுதியது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஆய்வகங்கள் ஒத்துப்போகாத காலம்

இவ்வளவு சிறிய அளவை அளப்பதில் கருவி மட்டும் சிக்கல் இல்லை. நம்பகம் பெரிய சிக்கல். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1951-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ரோட் ஐலண்ட் மாநிலத்துக் கிரானைட் ஒன்றையும் வர்ஜீனியா மாநிலத்து டயபேஸ் பாறை ஒன்றையும் நன்றாகப் பொடித்து, சீராகக் கலந்து, பல ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். ஜி-1, டபிள்யூ-1 என்று அந்தப் பொடிகளுக்குப் பெயர். ஒரே பொடி, தேர்ந்த வேதியியலாளர்கள். ஆனாலும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பாறையில் பாதிக்கு மேல் இருக்கும் சிலிக்காவிலேயே வேறுபாடு தெரிந்தது. அப்படியிருக்க, சுவடளவில் உள்ள தனிமங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

காரணம் எளிது. அந்தக் கால வேதியியல் முறையில் பாறையை அமிலத்தில் கரைக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், வீழ்படிவாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தொலையும். அமிலத்திலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் காற்றுத் தூசியிலிருந்தும் கொஞ்சம் சேரும். நூறில் ஒரு பங்கு அளக்கும்போது இது பெரிதில்லை. நூறு கோடியில் ஒரு பங்கு அளக்கும்போது, பாத்திரத்திலிருந்து வந்ததையே பாறையில் இருந்தது என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. இந்த இடத்தில்தான் அணுக்கரு இயற்பியல் கைகொடுத்தது.

கோபன்ஹேகன், 1936

சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தது 1932-இல். ஐரீன் கியூரியும் ஃபிரெடரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டது 1934-இல். அதே ஆண்டு ரோம் நகரில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு தனிமங்களை ஒன்றன்பின் ஒன்றாக நியூட்ரானுக்கு முன்னால் வைத்துப் பார்த்தது. மெதுவாக நகரும் நியூட்ரான்களை அணுக்கருக்கள் எளிதில் விழுங்கிக்கொள்கின்றன என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் ஹெவெசி அப்போது கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் இருந்தார். ஹிட்லரின் ஆட்சி வந்ததும் ஜெர்மனியை விட்டு வந்தவர். அவரோடு வேலை பார்த்த ஹில்டே லெவியும் அப்படி வந்தவரே. போரின் ஐம்பதாம் பிறந்தநாளுக்காக 1935-இல் நன்கொடை திரட்டி 600 மில்லிகிராம் ரேடியம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ரேடியத்தை பெரிலியம் பொடியோடு கலந்தால் நியூட்ரான் கிடைக்கும். அந்த ஊற்றுக்கு முன்னால் அருமண் தனிமங்களை வைத்துப் பார்த்தபோது டிஸ்ப்ரோசியம் மிகக் கடுமையான கதிரியக்கம் பெற்றது. அந்தக் கதிரியக்கம் சுமார் இரண்டேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தது. அருமண் தனிமங்களை வேதியியல் வழியில் பிரிப்பது அன்றைக்கு மாதக்கணக்கான வேலை. ஹெவெசியும் லெவியும் பிரிக்காமலேயே, கதிரியக்கம் எவ்வளவு என்று பார்த்து, கலவையில் டிஸ்ப்ரோசியம் எவ்வளவு என்று சொல்லிவிட்டார்கள். 1936-இல் வெளியான அந்தக் கட்டுரையிலிருந்து இந்த முறை தொடங்குகிறது.

அடிப்படை இவ்வளவுதான். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. ஆகவே எலெக்ட்ரான்களோ அணுக்கருவின் நேர்மின்னோ அதைத் தடுக்காது. நேராக அணுக்கருவுக்குள் போகும். அதை விழுங்கிய அணுக்கரு ஓர் அலகு கனம் கூடும். பல தனிமங்களில் அப்படிக் கனத்த அணுக்கரு நிலைத்து நிற்காமல் சிதையும். சிதையும்போது காமா கதிர் வீசும். அந்தக் கதிரின் ஆற்றல் ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் திட்டமானது. ஆர்சனிக்-75 நியூட்ரானை விழுங்கி ஆர்சனிக்-76 ஆனால் 559 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிர் வரும், 26 மணி நேரத்தில் பாதி தீரும். தங்கம் என்றால் 412, பாதி தீர 2.7 நாள். கதிரின் ஆற்றல் யார் என்று சொல்கிறது. குறையும் வேகம் அதை உறுதி செய்கிறது. எத்தனை கதிர்கள் என்ற எண்ணிக்கை எவ்வளவு என்று சொல்கிறது.

இதில் வேதியியலுக்கு வேலையே இல்லை. ஆர்சனிக் ஆக்சைடாக இருந்தாலும் சல்ஃபைடாக இருந்தாலும் இறால் உடம்பில் கரிமச் சேர்மமாக இருந்தாலும் நியூட்ரானுக்கு ஒன்றுதான். பாறையைக் கரைக்க வேண்டியதில்லை. கரைக்காத இடத்தில் தொலைவதும் இல்லை, அமிலத்திலிருந்து சேர்வதும் இல்லை.

நூறு மில்லிகிராம் பாறை

நடைமுறையில் என்ன செய்கிறோம் என்று கிட்டத்தில் நின்று பார்ப்போம். பாறைப் பொடி நூறு மில்லிகிராம் நிறுத்து, சுத்தமான பாலிதீன் அல்லது குவார்ட்ஸ் குப்பியில் இட்டு அடைக்கிறோம். பக்கத்திலேயே, உள்ளடக்கம் நன்றாகத் தெரிந்த ஒரு பொடியையும் அதேபோல் அடைத்து வைக்கிறோம். இரண்டும் ஒன்றாக உலைக்குள் போகின்றன. உலையில் நியூட்ரான் எவ்வளவு, கருவி நூற்றுக்கு எத்தனை கதிரைப் பிடிக்கிறது என்பவை இரண்டு குப்பிக்கும் பொது. ஆகவே தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கணக்கிடலாம்.

வெளியே எடுத்ததும் அவசரமும் பொறுமையும் இரண்டும் வேண்டும். அலுமினியம் இரண்டேகால் நிமிடத்தில் பாதியாகும், வனேடியம் மூன்றே முக்கால் நிமிடத்தில். இவற்றை அளக்க, காற்றழுத்தக் குழாய் வழியாகக் குப்பியைச் சில வினாடிகளில் கருவிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மாங்கனீசு, சோடியம். சோடியத்தின் பாதிக்காலம் 15 மணி நேரம். அது தணியும் வரை மற்றவற்றின் குரல் கேட்காது. நான்கைந்து நாள் கழித்துப் பார்த்தால் ஆர்சனிக், லாந்தனம், சமாரியம், தங்கம் தெரியும். ஒரு மாதம் பொறுத்தால் இரும்பு, கோபால்ட், ஸ்காண்டியம், குரோமியம், தோரியம் ஆகியவை தெளிவாக நிற்கும். ஒரே குப்பி, வேதியியல் எதுவும் செய்யாமல், முப்பதுக்கு மேற்பட்ட தனிமங்களின் கணக்கைத் தவணை முறையில் கொடுக்கிறது. கதிர்களைப் பிரித்தறியும் ஜெர்மானியம் படிகத்தை மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் குளிரில் வைத்திருப்போம். இல்லாவிட்டால் படிகத்தின் சொந்த இரைச்சலே கதிரை மூழ்கடித்துவிடும்.

இப்போது தலைப்பிலுள்ள ஒன்பது பங்கை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். நூறு மில்லிகிராம் களிமண்ணில் ஒன்பது பிபிபி இரிடியம் என்றால் 0.9 நானோகிராம். எடையாகப் பார்த்தால் எந்தத் தராசிலும் நிற்காது. அணுவாக எண்ணினால் ஏறக்குறைய மூன்று லட்சம் கோடி. அதில் நமக்கு வேண்டிய இரிடியம்-191 ஒரு லட்சம் கோடி. சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்குப் பத்து லட்சம் கோடி நியூட்ரான் பாயும் உலையில் எட்டு மணி நேரம் வைத்தால், அதில் சுமார் முப்பது கோடி அணுக்கள் இரிடியம்-192 ஆக மாறும். அவற்றில் வினாடிக்கு முப்பது சிதையும். பாதிக்காலம் 74 நாள் என்பதால் ஒரு மாதம் கழித்தும் வினாடிக்கு இருபத்துமூன்று மிஞ்சும். தராசுக்குத் தெரியாத பொருள் வினாடிக்கு இருபத்துமூன்று முறை தன் இருப்பைச் சொல்கிறது. கருவி அவற்றில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும் என்றாலும், ஒரு நாள் முழுக்க எண்ணினால் விடை கிடைத்துவிடும்.

குப்பியோ களிமண்

இத்தாலியின் உம்பிரியா பகுதியில் குப்பியோ என்ற பழைய ஊர் இருக்கிறது. ஊருக்கு வெளியே பள்ளத்தாக்கில் செந்நிறச் சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காக நிற்கிறது. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த இடம். அந்த அடுக்குகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள களிமண் பட்டை ஓடுகிறது. பட்டைக்குக் கீழே ஃபொராமினிஃபெரா எனும் நுண்ணுயிர்களின் பெரிய கூடுகள் ஏராளம். மேலே அவை இல்லை, சிறிய இனம் மட்டும் மிச்சம். டைனோசர்கள் மறைந்ததும் அந்தக் கால எல்லையில்தான். இன்றைய கணக்கில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

நிலவியலாளர் வால்டர் ஆல்வரஸ் கேட்டது சின்னக் கேள்வி. இந்த ஒரு சென்டிமீட்டர் களிமண் படிய எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்? அவருடைய தந்தை லூயிஸ் ஆல்வரஸ் 1968-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். விண்கல் தூசு வானிலிருந்து ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கிறது; அந்தத் தூசிலுள்ள இரிடியத்தை அளந்தால் காலம் தெரியும் என்று அவர் யோசனை சொன்னார். இரிடியம் இரும்போடு சேரும் குணமுள்ளது. பூமி உருகியிருந்த காலத்தில் இரும்போடு சேர்ந்து அடியில் போய்விட்டது. மேலோட்டில் அது ஒரு பிபிபிக்கும் மிகக் குறைவு. விண்கற்களிலோ சுமார் 500 பிபிபி. பிளாட்டினம், ஆஸ்மியம் ஆகியவையும் இப்படிப்பட்டவைதான். ஆனால் நியூட்ரானை விழுங்குவதில் இரிடியம் மிகுந்த வேட்கை கொண்டது. அதனால் அதைத் தேர்ந்தார்கள்.

பெர்க்லியில் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷேலும் இந்தப் பகுப்பாய்வில் கைதேர்ந்த அணுக்கரு வேதியியலாளர்கள். பழங்காலப் பானை ஓடு எந்த ஊர் மண்ணில் செய்யப்பட்டது என்று கண்டுபிடிப்பதற்காக அசாரோவின் குழு இந்த முறையை ஏற்கெனவே செம்மைப்படுத்தி வைத்திருந்தது. சுண்ணாம்பை அமிலத்தில் கரைத்துவிட்டு, எஞ்சிய களிமண்ணை அவர்கள் உலைக்கு அனுப்பினார்கள். 28 தனிமங்களை அளந்தார்கள். அவற்றில் 27 ஒன்றோடொன்று இசைந்து ஏறி இறங்கின. இரிடியம் மட்டும் தனிவழி போனது. சுற்றியுள்ள பாறையில் சுமார் 0.3 பிபிபியாக இருந்தது களிமண் பட்டையில் 9 பிபிபியாக நின்றது. முப்பது மடங்கு.

இந்த 27 என்ற எண்ணைக் கவனியுங்கள். இரிடியத்தை மட்டும் அளந்திருந்தால், களிமண் கூடிய இடத்தில் எல்லாமே கூடியிருக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மற்ற இருபத்தேழும் சாட்சி சொன்னதால்தான் இரிடியத்தின் ஏற்றம் வெளியிலிருந்து வந்தது என்று துணிய முடிந்தது. டென்மார்க்கின் ஸ்டெவன்ஸ் கிளின்ட் பாறையில் 160 மடங்கும் நியூசிலாந்தில் 20 மடங்கும் ஏற்றம் தெரிந்தது.

உடனே விண்கல் என்று முடிவு கட்டிவிடவில்லை. பக்கத்தில் ஏதேனும் விண்மீன் வெடித்திருக்குமோ என்று பார்த்தார்கள். வெடித்திருந்தால் எட்டுக் கோடி ஆண்டு பாதிக்காலமுள்ள புளூட்டோனியம்-244 கூடவே வந்திருக்க வேண்டும். அது இல்லை. இரிடியத்தின் இரண்டு ஐசோடோப்புகள் எந்த விகிதத்தில் உள்ளன என்பதையும் இதே முறையால் அளந்தார்கள். நமது சூரியக் குடும்பத்து விகிதமே வந்தது. குப்பியோவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 நானோகிராம் இரிடியம். பூமிப் பரப்பு முழுவதற்கும் பெருக்கினால் சுமார் 40,000 டன். அதைச் சுமந்துவரும் விண்கல் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பத்து கிலோமீட்டர், நான்கு கூடலாம் அல்லது குறையலாம் என்று 1980 ஜூன் 6-ஆம் தேதி 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அதற்குச் சில நாள் முன்னால், ஸ்பெயினின் கரவாகா பகுதியில் இதே ஏற்றத்தைக் கண்ட யான் ஸ்மிட், யான் ஹெர்டோகன் இருவரின் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்திருந்தது. மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளம்தான் மோதிய இடம் என்று அடையாளம் காட்டிய ஆய்வு 1991-இல் வெளியானது. பள்ளம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கல்லின் அளவைச் சொன்னது, ஒரு சென்டிமீட்டர் களிமண்ணும் ஓர் உலையும்.

மோதிரமும் எரிமலையும்

இந்த முறையின் பலத்தைச் சொன்ன நான் அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். உலையிலிருந்து வெளியே வந்த குப்பியில் தூசி விழுந்தால் கவலையில்லை. அந்தத் தூசிக்குக் கதிரியக்கம் கிடையாது, கருவிக்கு அது தெரியாது. ஆனால் உலைக்குள் போகும் முன்னால் சேர்ந்த அழுக்கு, மாதிரியோடு சேர்ந்தே கதிரியக்கம் கொள்ளும். பெர்க்லி குழுவினரின் மொன்டானா மாதிரி ஒன்றில் எதிர்பாராத இடத்தில் இரிடியம் தெரிந்தது. தேடிப் பார்த்ததில், மாதிரியைத் தயாரித்தவர் விரலில் போட்டிருந்த பிளாட்டினம் மோதிரம் காரணம் என்று லூயிஸ் ஆல்வரஸே பின்னர் எழுதினார். நகைப் பிளாட்டினத்தில் கடினத்துக்காக இரிடியம் சேர்ப்பார்கள். கை அசையும்போது உதிர்ந்த கண்ணுக்குத் தெரியாத துகளே போதுமாயிற்று. மோதிரம் தேய்வது போட்டிருப்பவருக்கே தெரியாது, உலைக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்று. விண்கல் கருத்தை மறுத்தவர்களுக்கும் இதே முறைதான் ஆயுதம் கொடுத்தது. ஹவாயின் கிலவேயா எரிமலை 1983-இல் சீறியபோது காற்றில் வந்த துகள்களை வடிதாளில் பிடித்து நியூட்ரான் முறையில் அளந்தார்கள். அதில் இரிடியம் வழக்கத்தைவிட மிகுதியாக இருந்தது. அப்படியானால் தக்காணப் பீடபூமியை மூடிய எரிமலைக் குழம்பே காரணமாக இருக்கலாமே என்று வாதம் கிளம்பியது. அந்த வாதத்துக்கு இந்தியப் பாறைகள் பதில் சொன்னன. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் நரேந்திர பண்டாரியும் அவரது குழுவினரும் மேகாலயாவின் உம் சோரிங்க்யூ ஆற்றோரப் பாறையில் இரிடியம் ஏற்றத்தைக் கண்டார்கள். குஜராத்தின் அஞ்சார் பகுதியில் தக்காண எரிமலைக் குழம்புகளுக்கு இடையே படிந்த வண்டலிலும் இரிடியம் மிகுந்த அடுக்குகளைக் கண்டார்கள். எரிமலை ஏற்கெனவே குமுறிக்கொண்டிருந்தபோதே விண்கல் விழுந்தது என்று அவர்கள் சொன்னார்கள். உயிரினங்கள் அழிந்ததில் எரிமலையின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

நம் அரியலூர்ப் பகுதியிலும் இதே கால எல்லைக்கு இருபுறமும் உள்ள பாறைகள் கிடக்கின்றன. கல்லமேட்டில் டைனோசர் எலும்பு கிடைக்கும் அடுக்கு எல்லைக்கு முந்தியது, நின்னியூர்ச் சுண்ணாம்பு எல்லைக்குப் பிந்தியது. நிலவியல் படிக்கும் மாணவர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

மீனும் பாசியும்

பாறையை விட்டுச் சுற்றுச்சூழலுக்கு வருவோம். அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் இறுதியில், டப்பாவில் அடைத்த சூரை மீனில் பாதரசம் வரம்பை மீறியிருப்பதாகப் பெரும் பரபரப்பு எழுந்தது. அன்றைய வரம்பு பத்து லட்சத்தில் அரைப் பங்கு. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவுப் பாதரசம் மக்களைக் கொன்றதை உலகம் பார்த்திருந்த காலம். கடலில் இருக்கும் பாதரசம் முழுவதும் அண்மைக் காலத் தொழிற்சாலைகள் கொட்டியதா என்ற கேள்வி எழுந்தது. கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகக் குழு அருங்காட்சியகங்களில் பாதுகாத்து வைத்த பழைய மீன்களை எடுத்தது. அன்றைக்கு 62 முதல் 93 ஆண்டுகளுக்கு முன் பிடித்த சூரைகள். நியூட்ரான் முறையில் அளந்து பார்த்தால், புதிதாகப் பிடித்த மீனில் இருக்கும் அளவே பழைய மீனிலும் இருந்தது. 1972-இல் முடிவு வெளியானது. குழுவில் இருந்த ஷெர்வுட் ரோலண்ட் பின்னாளில் ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஆழ்கடலின் பெரிய மீன்களில் பாதரசம் சேர்வது இயற்கையாகவும் நடக்கிறது என்பதுதான் செய்தி. குடாவில் கழிவைக் கொட்டிய ஆலைக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. பதப்படுத்திய திரவத்திலிருந்து பழைய மீனில் பாதரசம் சேர்ந்திருக்குமா என்ற கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும். உலைக்கு முன்னால் நடந்ததற்கு உலை பொறுப்பில்லை என்று சற்று முன் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

மீனை அளப்பவர் விழக்கூடிய குழி ஒன்று உண்டு. பாதரசம்-203 வீசும் காமா கதிரின் ஆற்றல் 279.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். மீனில் செலீனியமும் இருக்கும். செலீனியம்-75 வீசும் கதிர்களில் ஒன்று 279.5. எந்த ஜெர்மானியம் கருவியாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே முகடாகத்தான் தெரியும். கவனமில்லாதவர் முழுவதையும் பாதரசக் கணக்கில் எழுதிவிடுவார். தெரிந்தவர் செலீனியத்தின் இன்னொரு கதிரான 264.7-ஐ முதலில் எண்ணி, அதிலிருந்து 279-இல் செலீனியத்தின் பங்கைக் கணக்கிட்டுக் கழிப்பார். முடிந்தால் இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்ணுவார். பாதரசம் 47 நாளில் பாதியாகும், செலீனியம் 120 நாளில். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குறைவதால் உண்மை வெளியே வந்துவிடும். யுரேனியம் மிகுந்த மாதிரியிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. யுரேனியம் பிளந்து உண்டாகும் லாந்தனமும் சீரியமும், பாறையில் இயல்பாக உள்ளவற்றோடு சேர்ந்து எண்ணப்பட்டுவிடும்.

காற்றின் கதையைச் சொல்வது பாசி. பாசிக்கு வேர் கிடையாது. தனக்கு வேண்டியதை மழையிலிருந்தும் காற்றுத் தூசியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு காட்டுப் பாசியை அளந்தால் அந்தக் காட்டின் மேல் என்ன விழுந்தது என்று தெரியும். ஸ்வீடனில் ரூலிங், டைலர் என்ற இருவர் 1960-களின் இறுதியில் தொடங்கிய இந்த வேலை பின்னாளில் ஐரோப்பா முழுதும் பரவியது. ரஷ்யாவின் துப்னா நகரத்து ஐபிஆர்-2 உலையில் பல நாட்டுப் பாசிகள் அளக்கப்பட்டன. எண்ணெய் எரிக்கும் இடத்தில் வனேடியம் கூடும், உலோக உருக்காலைக்குக் காற்று வீசும் திசையில் ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் கூடும். ஆலையின் கணக்கேட்டில் இல்லாததைப் பாசி எழுதி வைத்திருக்கும்.

எதற்கு உதவாது, எதற்கு வேண்டும்

எல்லாம் இந்த முறையால் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. சுற்றுச்சூழலில் நாம் அதிகம் அஞ்சும் ஈயத்தை இதனால் அளக்க முடியாது. ஈயம் நியூட்ரானை விழுங்கினாலும் நமக்கு உதவும்படி காமா கதிர் வீசாது. நீரிலுள்ள ஆர்சனிக் மூன்று இணைதிறனுள்ளதா, ஐந்து இணைதிறனுள்ளதா என்று சொல்லாது. நஞ்சின் கடுமை அதைப் பொறுத்தது என்பதால் இது பெரிய குறைதான். விடை வர வாரங்கள் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அணு உலை வேண்டும்.

அதனால் இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் ஐசிபி நிறைமாலைமானிக்குப் போய்விட்டன. அது மாதிரியைக் கரைத்து, பிளாஸ்மாவில் அயனியாக்கி, நிறையை வைத்து எண்ணுகிறது. சில நிமிடங்களில் விடை. ஈயத்தையும் அளக்கும். ஆனால் அங்கே பழைய சிக்கல் திரும்ப வருகிறது, கரைக்க வேண்டும். குரோமைட்டும் சிர்கானும் எளிதில் கரையாத கனிமங்கள். கரையாமல் பாத்திரத்தின் அடியில் நின்றுவிட்டால் குரோமியமும் ஹாஃப்னியமும் குறைவாகத் தெரியும், குறைந்தது யாருக்கும் தெரியாது. நியூட்ரான் முறைக்குக் கரைக்க வேண்டியதில்லை. ஆகவே மற்ற ஆய்வகங்கள் தங்கள் கருவியைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் தரப் பொடிகளுக்கு மதிப்புக் குறிக்கும்போது, இந்த முறையின் எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. வேகத்துக்கு அந்தக் கருவி, வழக்குத் தீர்க்க இந்த முறை என்பது என் கருத்து.

வழக்குத் தீர்க்கும் இடங்கள் குறைந்துகொண்டு வருகின்றன என்பதுதான் கவலை. பெர்க்லி வளாகத்து ஆய்வு உலை 1987-இல் மூடப்பட்டது. நம் நாட்டில் டிராம்பேயின் சைரஸ் 2010-இன் கடைசி நாளோடு நின்றது. துருவா உலை இயங்குகிறது, அப்சரா புதுப்பிக்கப்பட்டு 2018-இல் மறுபடி இயங்கத் தொடங்கியது. நமக்கு மிக அருகில் கல்பாக்கத்தில் காமினி இருக்கிறது. தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233 எரிபொருளில் ஓடுவது. திறன் வெறும் 30 கிலோவாட். 1996 அக்டோபரில் முதன்முதலாக இயங்கிய அந்த உலையின் வேலைகளில் நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வும் ஒன்று. தமிழ்நாட்டில் நிலவியலும் சுற்றுச்சூழலியலும் கற்பிக்கும் கல்லூரிகள் பல. ஒரு பாறைப் பொடியையோ வண்டலையோ அங்கே அளக்கக் கேட்டு எழுதிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆசிரியர்கள் இதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டும். உலையை நடத்துபவர்களும் கல்லூரி மாணவருக்குக் கதவைத் திறந்துவைக்க வேண்டும்.

மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. நீரிலோ மண்ணிலோ உணவிலோ இவ்வளவு நஞ்சு என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, எந்த முறையில் அளந்தீர்கள்? இரண்டு, உள்ளடக்கம் தெரிந்த ஒரு தரப் பொடியையும் கூடவே அளந்தீர்களா, அதற்குச் சரியான விடை வந்ததா? மூன்று, இந்த எண் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம்? பதில் சொல்ல முடிந்தவரின் எண்ணை நம்புங்கள், அது கசந்தாலும் சரி. பதில் சொல்ல முடியாதவரின் எண்ணை வைத்துப் பதறவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். மறுபடி அளக்கச் சொல்லுங்கள். குடிக்கும் தண்ணீரைப் பற்றி அப்படிக் கேட்பது நம் உரிமை.